நாமும் நாங்களும்

2018ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்கு உரிய சாப்பாட்டுக் கடையொன்றில் உணவருந்திய சிங்கள இளைஞர் சிலர், கறியிற் கிடந்த கட்டியொன்றை எடுத்துக்காட்டி, இஃது என்னவென்று வினவினர். காசு வாங்கும் மேசையடியில் நின்றவர் சிங்களம் சரிவர அறியாதவர். மலடாக்கும் மாத்திரையைக் கறியிற் கலந்தாயா என்று அவர்கள் சூழ்ந்து நின்று அதட்டினர். வினாவின் பொருள் விளங்காமையாலும் அச்சத்தாலும் அவர் ஆம் என்பதுபோற் குழறினார். அக்குழறல் கைப்பேசியிற் பதிவாயிற்று. அன்றிரவே கடை நொறுங்கியது. அந்நகர்ப் பள்ளிவாசல் தாக்குண்டது. பதிவோ நாடெங்கும் பறந்தது.

சின்னாட்களின் பின் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அக்கட்டியை ஆராய்ந்து முடிவுரைத்தது. அதில் மருந்து எதுவும் இல்லை. அது வெறும் மாவுக்கட்டியே. உணவோடு ஒருமுறை உட்கொண்டால் ஒருவரை என்றென்றைக்கும் மலடாக்கிவிடும் மாத்திரை மருத்துவ உலகில் இருப்பதாகவும் எவரும் அறியார். எனினும் மாவுக்கட்டி பற்றிய மெய்யை ஆயிரவர் அறிந்தாரெனின், மாத்திரை பற்றிய பொய்யை இலட்சவர் அறிந்திருந்தனர்.

சிங்களத்தில் அம்மாத்திரைக்கு ‘வந்த பெத்தி’ என்று பெயர். தமிழ்ச் செவிக்கு ‘வந்த’ என்பது வருதல் வினையின் பெயரெச்சமாகவே ஒலிக்கும். ஆயினும் நம் அகராதிகளிலும் ‘வந்தி’ என்பதற்கு மலடி என்னும் பொருள் உண்டு. இரு மொழிகளும் ஒரே வடசொல்லினின்று அதனைப் பெற்றன. சொல் இருவர்க்கும் பொதுவாய் இருந்தும், அவ்விரவில் வினவியவரும் விடை சொன்னவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளவில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின், இந்நாட்டு மாணவர் தலைமுறை தலைமுறையாக மொழிவாரியாகப் பிரிந்த வகுப்பறைகளிற் கற்று வெளியேறினர். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிற்று. ஆயினும் சட்டப் புத்தகத்தில் எழுதியதைச் சாப்பாட்டுக் கடை மேசை அறியவில்லை.

எனினும் மொழியறியாமை ஒன்றே இதற்குக் காரணமெனல் பொருந்தாது. மொழி விளங்காதவிடத்து மக்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டோ கையாற் காட்டியோ விலகிச் செல்வர், தீ வைப்பதில்லை. கறியிற் கட்டியைக் கண்டவர் சமையற்காரனைக் கடிவர். கூடினாற் காசைத் திருப்பிக் கேட்பர். ஒரு மாவுக்கட்டி மாத்திரையாகத் தோன்றவேண்டுமாயின், மாத்திரை முன்னரே நெஞ்சில் இருத்தல் வேண்டும். அதனை அங்கு வைத்தவர் யார் என்பதே நாம் ஆராயத்தக்கது.

2012ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொடங்கி, ஹலால் முத்திரைக்கு எதிராகவும், முஸ்லிம்களின் கடைகளுக்கு எதிராகவும், அவர்தம் பிறப்புத் தொகைக்கு எதிராகவும் மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இடையறாப் பரப்புரை நிகழ்ந்தது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் அளுத்கமையில் அது தீயாய் எரிந்தது. ‘அவர்கள் பெருகுகின்றனர், நாம் அருகுகின்றோம்’ என்பதே அப்பரப்புரையின் சாரம். இதனைக் குடிசன மதிப்பீட்டோடு ஒப்பிட்டுக் காண்க. 1946ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்களுள் சிங்களவர் 69.4 வீதம்; 2012இல் ஏறத்தாழ 74.9 வீதம். இலங்கைச் சோனகர் 1946இல் 5.6 வீதம், 2012இல் 9.3 வீதம். ஆகவே சோனகர் விகிதம் உயர்ந்தது மெய்; அதனை மறைத்தல் அறமன்று. சிங்களவர் விகிதமும் உயர்ந்தது என்பதும் மெய். மலையகத் தமிழர் பெருந்தொகையாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும், போர்க்காலத்தில் தமிழர் புலம்பெயர்ந்ததும் இம்மாற்றத்தின் காரணங்களுட் சில. பரப்புரையாளர் முன்னைய எண்ணை மட்டும் மேடையேற்றினர். பின்னையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். முழுப்பொய்யைக் காட்டிலும் அரைமெய்யே நெடுநாள் வாழ்கின்றது.

பொய் அம்பலமான பின்னும் அதே கதை ஓராண்டு கடந்ததும் மற்றோர் உடையில் வந்தது. 2019ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், சிங்கள நாளேடொன்று தன் முதற்பக்கத்தில், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று எழுதிற்று. மறுநாளே குருநாகல் மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை நிறுவும் சான்று கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் துறையினரே பின்னர் நீதிமன்றத்தில் உரைத்தனர். அம்மருத்துவரோ பின்னாளில் தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையை, நாடு மருந்தின்றித் தவித்த 2022இல், மருந்து வாங்குக என்று சுகாதார அமைச்சுக்கே வழங்கினார். அம்பாறையில் மாவுக்கட்டி; குருநாகலில் அறுவைக் கத்தி. கருவி மாறிற்று, கதை மாறவில்லை.

இது கைப்பேசியும் முகநூலும் பெற்ற குழந்தை என்பார் உளர். அக்கருவிகளின் பங்கு சிறிதன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், தெல்தெனியாவில் தாக்குண்ட சிங்களச் சாரதி ஒருவரின் சாவைத் தொடர்ந்து திகனையில் கலவரம் மூண்டபோது, அரசு அவசரகால நிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கியது. பேஸ்புக் நிறுவனம் அக்கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. எனினும் கைப்பேசி பிறவாத 1958ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டு மே மாதம், பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பு மாவட்டத்திற் கற்பிக்கையில் தமிழரால் கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்ற செய்தி தெற்கிற் பரவிற்று. பாணந்துறைக் கோயிற் பூசகர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். பின்னர் விசாரித்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் மட்டக்களப்பு மாவட்டத்திற் பணியாற்றியதாகவே இல்லை. பத்திரிகையாளர் தார்சி விட்டாச்சி அக்கலவரம் பற்றிய தம் நூலில் இதனைப் பதிந்துள்ளார்.

இல்லாத அவ்வாசிரியையை யான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை எங்கள் கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. அவர் இருந்திருப்பின் எங்கள் ஊர்ப் பாடசாலை ஒன்றிலேயே கற்பித்திருக்கவுங் கூடும். அவர் பெயரை எவரும் கேட்கவில்லை. எந்தப் பாடசாலை என்றும் கேட்கவில்லை. பெயரில்லாதவருக்காகப் பெயருள்ள ஒருவர் எரிந்தார்.

அரசின் குரலும் அவ்வேளையில் நடுநிலை நிற்கவில்லை. நுவரெலியாவின் முன்னாள் நகரத் தலைவர் ஒருவர் மட்டக்களப்புப் பகுதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்முன்னரே பொலன்னறுவைப் பக்கத்திற் புகையிரதங்கள் தாக்கப்பட்டிருந்தன. ஆயினும் பிரதமர் பண்டாரநாயக்கா நிகழ்த்திய வானொலி உரையோ, அக்கொலையே கலவரத்தின் தோற்றுவாய் என்று கேட்போர் கருதுமாறு அமைந்தது. நிகழ்ச்சிகளின் முன்பின் முறையை மாற்றுவதும் ஒரு பரப்புரையே. ஒரு சொல்லும் பொய்யாகாமல் முழுவதும் பொய்யாகிவிடும் வகை அது.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின், ஒரே தொழிற்பாடு புலப்படும். தமிழாசிரியனாதலின் அதனை இலக்கணமாகவே கூறுகின்றேன். ஒருமையைப் பன்மையாக்குதலே அத்தொழில். ஒருவன் செய்தான் என்பது ‘அவர்கள் செய்தார்கள்’ என்றாகும். பின் ‘அவர்கள் செய்வார்கள்’ என்றாகும். இறுதியில் ‘அவர்கள் அப்படித்தான்’ என்று காலங்காட்டாக் குறிப்பாய் நிலைபெறும். இறந்தகால நிகழ்ச்சியொன்று ஓர் இனத்தின் இயல்பாக மாறும் வழி இது. நிகழ்ச்சிக்குச் சான்று கேட்கலாம். இயல்புக்கு யார் சான்று கேட்பர்? ‘நெருப்பில்லாமற் புகையாது’ என்னும் பழமொழி ஒன்றே அங்குப் போதுமானதாகி விடுகின்றது. புகையை இட்டவன் எவன் என்று அப்பழமொழி கேட்பதில்லை.

பன்மை, குற்றமற்றவரைக் குற்றவாளியாக்குவதோடு நில்லாது, நன்மை செய்தவரையும் மறைத்துவிடும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தற்கொலையாளர் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தனர். ஐந்தாம் நாள், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் அக்கூட்டத்தைச் சேர்ந்தோர் பதுங்கியிருந்தனர். புதிதாய்க் குடிவந்தோர்மீது ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அதன்பின்னரே படையினர் அவ்வீட்டைச் சூழ்ந்தனர். உள்ளிருந்தோர் வெடித்து மாண்டனர். ஆயினும் மே மாத நடுவிற் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்குண்டபோது, சாய்ந்தமருதின் செயலை எவர் நினைந்தார்? குற்றவாளிகளும் அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களும் ஒரே ‘அவர்கள்’ என்னும் சொல்லுக்குள் அடங்கிப்போயினர்.

இதுகாறும் கூறியவற்றைப் படிக்கும் நம் வாசகர், குறிப்பாக எம்மூரார், தலையசைத்து உடன்படுவர். பிறர் நம்மைப் பற்றிக் கொண்ட பொய்களைக் கேட்பது எளிது. இனிக் கூறுவது அத்துணை எளிதன்று.

முஸ்லிம் குடியிற் பிறந்து தமிழ் கற்பித்து வாழ்பவன் யான். அம்பாறையில் நேர்ந்ததற்கு மொழிவேறுபாடு ஒரு காரணம் என்றேன். கல்முனையில் அக்காரணம் இல்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என ஒரே நெடுஞ்சாலையில் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும். இருபாலார்க்கும் தாய்மொழி ஒன்றே. தாய்வழிக் குடிமுறையும், பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இருபாலார்க்கும் பொது. சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. ஒரே மொழி மக்களை ஒன்றாக்கும் என்பது உண்மையாயின், இலங்கையில் அது முதலில் மெய்யாகியிருக்க வேண்டிய இடம் எங்கள் ஊரே.

அவ்வாறு நிகழவில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுநின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வீடு வாசல் இழந்து வெளியேற்றப்பட்டனர். இவை எம்மிடையே ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன, கூரப்படவும் வேண்டும். ஆனால் காத்தான்குடிக்கு ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 12இல், சம்மாந்துறையை அடுத்த வீரமுனையிற் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் முஸ்லிம் ஊர்காவற்படையினரால் கொல்லப்பட்டனர். இதனை எம்மவர் மேடையில் எத்துணை முறை கேட்டேன் என்று எண்ணிப் பார்க்கின்றேன். ஒரு கைவிரல்களே மிகுதி. தமிழ் நண்பர் வீரமுனையை மறவார். காத்தான்குடி வந்தாற் பேச்சை மாற்றுவார். நானோ காத்தான்குடியை மறவேன். வீரமுனை வந்தால் வாய் மூடினேன். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பாதியைச் சொன்னோம். அரைமெய்யின் ஆற்றலை மேலே கண்டோம்.

இவை வதந்திகளல்ல, நிகழ்ந்த கொடுமைகள். எனினும் நிகழ்ந்த கொடுமையும் பரப்புரையின் கையில் அதே இலக்கண மாற்றத்தை அடைகின்றது. கொன்றது ஓர் இயக்கம். ‘தமிழர் கொன்றனர்’ என்றோம். கொன்றவர் ஊர்காவற்படையினர் சிலர். ‘முஸ்லிம்கள் கொன்றனர்’ என்றனர். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய பிணக்கை எடுத்துக்கொள்க. அஃது எல்லையும் காணியும் நிருவாகமும் பற்றியது. வரைபடத்தோடும் கணக்கோடும் அமர்ந்து பேசத்தக்கது. இருபாலார்க்கும் அதில் நியாயமான அச்சங்கள் உண்டு. ஆயின் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதன்பொருட்டு உண்ணாவிரதம் நிகழ்ந்த நாட்களில், தெருவிற் பேச்சு எல்லையைப் பற்றியதாக இல்லை. ‘அவர்கள் எத்தகையோர்’ என்பதைப் பற்றியதாகவே இருந்தது.

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போனையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவனை விலக்குவது ‘நாங்கள்’. இவ்வேறுபாடு சிங்களத்தில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. இத்துணை நுண்ணிய கருவியைப் பெற்றிருந்தும் நாம் அதனைக் கூர்ந்து பயன்படுத்தினோம் அல்லேம். இனவுணர்வு ஊறுங்காலத்தில் ‘நாம்’ மெல்லச் சுருங்கி ‘நாங்கள்’ ஆகிவிடுகின்றது.

மறுபுறத் தவறும் உண்டு. கேளாமலே ஒருவரை ‘நாம்’ என்பதற்குள் இழுத்து அடக்குவது அது. 1888ஆம் ஆண்டு பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தாற் தமிழரே என்று அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிற் கட்டுரை வாசித்தார். சட்டவாக்க சபையிற் சோனகர்க்குத் தனியிடம் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்திருந்த காலம் அது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து எழுதினார். மொழியாராய்ச்சி என்ற அளவில் இருவர் கூற்றிலும் கற்கத்தக்கன உள. ஆயினும் சோனகர் நெஞ்சில் தைத்தது ஆராய்ச்சியன்று. தம் பெயரைத் தாமே சொல்லும் உரிமை பறிபோகின்றது என்னும் உணர்வே. விலக்கும் ‘நாங்கள்’ வெறுப்பை விதைக்கும். விழுங்கும் ‘நாம்’ அச்சத்தை விதைக்கும். கேட்போனின் இசைவோடு சொல்லும் ‘நாம்’ ஒன்றே நிலைக்கும்.

என் வகுப்பறைக்கு வருகின்றேன். மேற்கூறிய அந்த ஜூன் மாதத்தில், தன்மைப் பன்மைக்கு எடுத்துக்காட்டு எழுதுமாறு மாணவரைப் பணித்தேன். ஒரு மாணவன், ‘நாங்கள் நல்லவர்கள், அவர்களை நம்ப முடியாது’ என்று எழுதியிருந்தான். எழுவாய்க்கேற்ற பயனிலை, ஒற்றுப்பிழை இல்லை. சரியெனக் குறியிட்டு ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இரவில் படுத்தபோதுதான் யான் செய்தது உறைத்தது. ஓர் எழுத்துப்பிழையை விடாது சுழிக்கும் சிவப்பு மை அவ்வாக்கியத்தைச் சும்மா விட்டுவிட்டது. ஏனெனில், ‘அவர்கள்’ யாரென்று அவனைப்போலவே யானும் கேளாமலே அறிந்திருந்தேன்.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து, “அவர்கள் என்று எழுதினாயே, அவர்களுள் எவரைத் தெரியும்?” என்று வினவினேன். சிறிதுநேரம் நின்றுவிட்டு, “ஒருத்தரையும் தெரியாது, சேர்” என்றான். அவன் வீடு இரு ஊர்களுக்கும் இடையேயுள்ள எல்லை வீதியில் இருக்கின்றது. பதினைந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்தும், வீதியின் மறுபக்கத்தில் ஒரு பெயரைத்தானும் அவன் அறியான். ஸாஹிராவும் கார்மேல் பாத்திமாவும் வெஸ்லியும் ஓரூரில் அருகருகே நின்றும், மதில்கள் காரணமாகப் பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறியாது வளர்கின்றனர். அவனிடத்தில் பெயர்கள் இல்லாத வெற்றிடம் இருந்தது. அதனைப் பெரியோர் எம் பேச்சு நிரப்பிற்று.

ஆதலின், ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். வகுப்பில் ‘அவர்கள்’ என்னுஞ் சொல் எழும்போதெல்லாம் நான்கு வினாக்களை எழுப்புக: யார்? எங்கே? எப்போது? கண்டவர் எவர்? 1958இல் பாணந்துறையில் ஒருவரேனும் இவற்றை உரக்கக் கேட்டிருப்பின், அவ்வாசிரியை இல்லாதவர் என்பது அன்றே வெளிப்பட்டிருக்கும். மாணவர்க்குச் சிங்களத்தைப் பரீட்சைக்காகவன்றிப் பேசுதற்காகவே கற்பியுங்கள். காசு மேசையடியில் நிற்கப்போகும் பிள்ளைகள் அவர்களுள் உளர். தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே மேடையிற் பேசும் நாளொன்றைத் தவணைதோறும் அமைத்துக்கொள்ளுங்கள். அங்குக் காத்தான்குடியும் வீரமுனையும் ஒரே நாவினால் சொல்லப்படட்டும்.

இது பெரிய தீர்வன்று. அரசியலார் செய்யவேண்டியவை வேறு உள. ஆயினும் சிவப்பு மை எம் கையில் இருக்கின்றது. அம்மாணவனின் ஏட்டை மீண்டும் வாங்கி, அவ்வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு, ‘யாரை?’ என்று எழுதினேன். அவன் இன்னும் விடை எழுதவில்லை. அவ்வினா அவனுக்கு மட்டும் உரியதன்று.